மேசைமேல் ஒரு மொரப்பூர் ரயில்

வத்தல்மலைக்கு ஏறும் சாலையில் ஏதாவதொரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திக் கீழே பார்க்கிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “எல்லாம் பொம்மையாட்டம் இருக்குது.” தருமபுரிச் சமவெளியின் தென்னந்தோப்பும் ஏரியும் ஓட்டு வீடும் லாரியும் அந்த உயரத்திலிருந்து கைக்கு அடக்கமாகிவிடுகின்றன. கீழே நிற்கும்போது தெரியாத சில விஷயங்கள் அப்போது தெரிகின்றன. எந்தச் சாலை எந்த ஊரை ஒதுக்கிவிட்டுப் போகிறது, எந்த ஓடை எந்த ஏரியில் போய் விழுகிறது, ஓர் ஊர் ஏன் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது என்பதெல்லாம் ஒரே பார்வையில் புரிகிறது. மாதிரி ரயில் என்ற பொழுதுபோக்கு நிற்பது இந்த அனுபவத்தின் மேல்தான். மலையேறாமல், ஒரு மேசையைச் சுற்றி நின்றபடியே ஊரை மேலிருந்து பார்க்க அது வழி செய்கிறது. பார்க்கும் ஊர் எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் நம்மூர் ரயில் பிரியர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

மாதிரி ரயில் என்றதும், பிறந்தநாளுக்கு வாங்கித் தரும் வட்டப்பாதைப் பொம்மைதான் பலருக்கு நினைவு வரும். பேட்டரி போட்டால் சுற்றும். இரண்டு நாளில் சக்கரம் கழன்றுவிடும். இங்கே பேசுவது அதன் மூத்த அண்ணனைப் பற்றி. அசல் ரயிலின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, நிலையம், கைகாட்டி, மதகு, மரம், மனிதர் அனைத்தையும் அதே விகிதத்தில் செய்து பலகைமேல் ஓடவிடும் வேலை அது. 1891-இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையில் வரையறுத்த அகலங்களில் பொம்மைத் தண்டவாளங்களைக் கடைவிரித்தது. 1910-இல் லண்டனில் மாடல் ரயில்வே கிளப் தொடங்கியது. 1920-இல் ஃபிராங்க் ஹார்ன்பியின் ரயில்கள் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் புணே நகரின் கோத்ருட் பகுதியில் பாவ்சாகேப் ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் ஆசையை 1998-இல் ஓர் அருங்காட்சியகமாகவே திறந்துவிட்டார். சிக்னல்கள் தாமாக மாற, மேம்பாலங்களுக்கு அடியில் ரயில்கள் ஓட, நீச்சல் குளமும் சர்க்கஸும் கொண்ட சின்ன நகரம் அது. பார்க்கத் திகட்டாத வேலைப்பாடு. ஆனால் அது எந்த ஊரும் இல்லாத ஓர் ஊர். நம் ஆர்வலர்களின் வீட்டு மேசைகளும் பெரும்பாலும் அப்படித்தான். வாங்கக் கிடைப்பது ஜெர்மன் நிலையமும் ஆங்கிலக் கிராமமும் என்பதால், ஆல்ப்ஸ் மலைப் பனியில் ரயில் ஓட்டுகிறார்கள். என் கட்சி இது: இந்தப் பொழுதுபோக்குக்கு இங்கே வேர் பிடிக்க வேண்டுமானால், அது காணாமல்போன உள்ளூர்ப் பாதை ஒன்றைக் கையில் எடுத்து, அந்த ஊர்க்காரர்கள் கூடும் இடத்திலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். அப்படி ஒரு பாதை தருமபுரியில் இருந்தது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் ஒன்று, தருமபுரியை உள்ளடக்கிய அன்றைய சேலம். 1871, 1881 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையில் அதன் மக்கள்தொகை மூன்றரை லட்சத்துக்கும் மேல் சரிந்தது. தானியம் எங்கோ இருந்தது, பசித்தவன் எங்கோ இருந்தான், நடுவில் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை என்பதாக அரசு அதைப் புரிந்துகொண்டது. 1880-இல் வந்த பஞ்ச விசாரணைக் குழுவின் அறிக்கை, நாட்டுக்கு 20,000 மைல் ரயில் பாதை வேண்டும் என்றது. அந்த யோசனையில் பிறந்தவைதான் ‘பஞ்சப் பாதுகாப்பு’ ரயில்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இலும் இரண்டரை அடி அகலத்தில், அதாவது 762 மில்லிமீட்டரில், நேரோகேஜ் பாதைகள் வந்தன. தருமபுரிப் பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் முடிந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து வந்த பஞ்ச ரயில் என்பதைப் போகிறபோக்கில் குறித்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் அது மூடப்பட்டது, தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டது. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் தருமபுரிக்கு ரயில் இல்லை. 1960களில் சேலம்–பெங்களூர் மீட்டர்கேஜ் பாதை வந்தது. 1990களில் அது பிராட்கேஜ் ஆனது. மொரப்பூர் இணைப்பு மட்டும் திரும்பவில்லை. 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2016-17-இல் ஒப்புதல் கிடைத்து, 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆக, இந்த ஒரே ஊர் நூறாண்டுக்குள் மூன்று கேஜ்களைப் பார்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களுக்கு இந்த அதிர்ஷ்டம், அல்லது துரதிர்ஷ்டம், வாய்த்தது?

இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும். ஆர்வலர்கள் கூடினால் முதல் சண்டை இந்தக் கணக்கில்தான் தொடங்கும். உலகில் மிகுதியும் புழங்கும் சுருக்கம் எச்.ஓ.; ஒன்றுக்கு எண்பத்தேழு. அதில் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் போடுவார்கள், ஏனென்றால் ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மில்லிமீட்டர் கேஜை எண்பத்தேழால் வகுத்தால் அதுதான் வரும். நம் பிராட்கேஜோ 1,676 மில்லிமீட்டர். வகுத்தால் 19.26. ஆகவே கடையில் வாங்கிய தண்டவாளத்தில் இந்திய ரயிலை ஓட்டுகிறவர் ஒவ்வொருவரும், பெட்டியின் உடலைச் சரியாகச் செய்துவிட்டு, காலை மட்டும் ஒடுக்கி நிற்க வைக்கிறார். ‘பரவாயில்லை, யார் ஸ்கேல் வைத்து அளக்கப்போகிறார்கள்?’ என்பது ஒரு கட்சி. ‘அளவு தவறினால் அது மாதிரியே இல்லை’ என்பது மறு கட்சி. மீட்டர்கேஜுக்கு வந்தால் வகுத்துக் கிடைப்பது 11.49, பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் இருக்கிறது, விலை கூடுதல். இப்போது தருமபுரியின் பழைய 762-ஐ வகுத்துப் பாருங்கள்: 8.76. உலகெங்கும் மலிவாகக் கிடைக்கும் ‘என்’ வகைத் தண்டவாளத்தின் அகலம் ஒன்பது மில்லிமீட்டர். வித்தியாசம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்திய ரயில்வேயின் பாதைகளிலேயே கடைச் சரக்குக்கு இவ்வளவு நெருங்கி வருபவை இந்த இரண்டரை அடிப் பாதைகள்தாம். பனிமலையில் ரயில் ஓட்டுகிறவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இதை விட்டுவிட்டார்கள்.

அகலம் பொருந்தியது, நீளம்? மொரப்பூரிலிருந்து தருமபுரி வரை பழைய பாதை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எண்பத்தேழில் ஒன்றாகச் சுருக்கினாலும் 345 மீட்டர் வரும். எந்த மண்டபத்திலும் அடங்காது. எனவே எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தே ஆக வேண்டும். மாதிரி செய்கிறவரின் அறிவு வெளிப்படுவது இந்த இடத்தில்தான். புத்தகத்தில் எழுதுகிறவர் ‘1906-இல் ரயில் வந்தது’ என்று ஒரு வரியில் கடந்துவிடலாம். பலகை வைத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நிலையத்தின் கூரை ஓடா, தகரமா? நடைமேடை கல் கட்டியதா, வெறும் மண்மேடா? எஞ்சின் தண்ணீர் குடிக்கும் தொட்டி எந்தப் பக்கம்? ஓடையைக் கடக்கும் மதகு எத்தனை கண்? வண்டி திரும்பிப் போக எஞ்சினைச் சுழற்றினார்களா, பின்னோக்கியே ஓட்டினார்களா? ஒவ்வொரு கேள்விக்கும் விடை தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும், பழைய நில அளவை வரைபடத்தைப் பார்க்க வேண்டும், ஊரில் இறங்கி மிச்சமிருக்கும் கரையையும் கல்லையும் தேட வேண்டும். பழைய பாதை முப்பது கிலோமீட்டர், புதியது முப்பத்தாறு. அந்த ஆறு கிலோமீட்டர் எங்கிருந்து முளைத்தது என்று, இரண்டு தடத்தையும் ஒரே பலகையில் வரைந்து வைத்தால் ஒரு பள்ளி மாணவிகூடக் கேட்பாள். செய்தித்தாள் படித்துவிட்டு யாரும் அதைக் கேட்டுவிட மாட்டார்கள்.

இது வெறும் ஆசைப் பேச்சன்று என்பதற்கு இங்கிலாந்தில் சான்று இருக்கிறது. ரோய் இங்லண்டு என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 1925-இல் அங்கே போனார். ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே இருந்த கிராமங்களில் கூரை வீடுகள் கண்ணெதிரே இடிபடுவதையும் மாற்றப்படுவதையும் பார்த்தார். ஒவ்வொரு வீடாக அளந்து, 76-இல் ஒன்றாகச் சுருக்கிச் செய்யத் தொடங்கினார். அது 1954-இல் பெண்டன் அருங்காட்சியகம் ஆயிற்று. அங்கே ரயில் ஓடுகிறது. ஆனால் அங்கே போகிறவர்கள் பார்ப்பது 1920களின், 1930களின் கிராமப்புறத்தை. அளந்து செய்த மாதிரி என்பதால், அசல் வீடு போன பிறகும் அதன் அளவு இருக்கிறது. டெவன் பகுதியில் 1935-இல் மூடிய லிண்டன்–பார்ன்ஸ்டபிள் என்ற ஒடுக்கமான மலைப்பாதையை எத்தனையோ பேர் மேசையில் செய்து செய்து உயிரோடு வைத்திருந்தார்கள். 2004-இல் அதன் ஒரு துண்டில் நிஜ ரயிலே மறுபடி ஓடத் தொடங்கியது. மேசை ரயிலால்தான் அசல் ரயில் திரும்பி வந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு உழைப்பு இருந்தது. மறக்காமல் இருந்தவர்கள் இருந்ததால் திரும்பக் கேட்க ஆள் இருந்தது என்பது மட்டும் உறுதி. நம்மிடமும் நீலகிரி மலை ரயிலை ஆசையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அழகான பொருள்தான். ஆனால் 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் போன அந்த ரயில் இன்றும் ஓடுகிறது, 2005 முதல் உலக மரபுச் சின்னம், அதற்கான நீராவி எஞ்சினைப் பொன்மலைப் பணிமனையே புதிதாகச் செய்து தருகிறது. உயிரோடு இருப்பவருக்குப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். செத்துப்போனவருக்கு ஒரு படம்கூட மாட்டவில்லை. மாடு கவர்ந்த சண்டையில் விழுந்த வீரனுக்குக் கல் நட்டு வைத்த மாவட்டம் தருமபுரி. முப்பத்தைந்து ஆண்டு ஓடிய ரயிலுக்கு அங்கே அப்படி ஒரு கல் இல்லை.

‘வளர்ந்த ஆள் பொம்மை ரயில் ஓட்டுவதா?’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு நேரான பதில் ரயில்வேயிடமே இருக்கிறது. நிலைய அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தும் மண்டலப் பயிற்சி நிலையங்களில் மாதிரி அறை என்று ஒன்று உண்டு. சின்னத் தண்டவாளம், சின்ன சிக்னல், பாயிண்ட் மாற்றும் நெம்புகோல் எல்லாம் வைத்து, ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளை எப்படிக் கடக்கவிடுவது என்று அங்கே பழக்குகிறார்கள். அசல் வண்டியில் தவறு செய்து கற்க முடியாதே. இன்னொரு சான்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரி. அங்கே 1946-இல் மாணவர்கள் தொடங்கிய மாதிரி ரயில் சங்கத்தில் மரம் மட்டை செய்கிறவர்கள் மேசைக்கு மேலே வேலை பார்த்தார்கள். தொலைபேசி நிலையத்தின் பழைய ரிலேக்களைக் கோத்து மின் கட்டுப்பாடு செய்கிறவர்கள் மேசைக்கு அடியில் கிடந்தார்கள். அடியில் கிடந்த கூட்டம்தான் பிறகு கல்லூரியின் கணினிகளைச் சூழ்ந்துகொண்டது. கணினி விளையாட்டுகளின் முன்னோடியான ‘ஸ்பேஸ்வார்’ 1962-இல் அந்தச் சங்கத்துக்காரர்களின் கையில் பிறந்தது. இன்று உலகம் முழுதும் புழங்கும் ‘ஹேக்கர்’ என்ற சொல்லும் அந்த மேசையடியில் புழங்கியதுதான். வளையம் போட்டுத் திரும்பி வரும் பாதையில் இரண்டு தண்டவாளங்களின் மின்னோட்டமும் மோதி ஷார்ட் ஆவதை ஏன் என்று கண்டுபிடிக்கிற எட்டாம் வகுப்பு மாணவனுக்கு, மின்சுற்றுப் பாடத்தை இரண்டாம் முறை சொல்லித்தர வேண்டியதில்லை.

பணம்தான் கனமான ஆட்சேபம். இது வசதியுள்ளவர் விளையாட்டு என்பதை மறுக்க முடியாது. எஞ்சினும் தண்டவாளமும் வெளிநாட்டுச் சரக்கு. சுங்கக் கணக்கில் மின் ரயிலும் அளவு மாதிரிகளும் பொம்மையோடு ஒரே தலைப்பில் வருகின்றன; அந்தத் தலைப்புக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-இல் 70-க்கும் ஏறியது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்கப் போட்ட வரி. அதன் நியாயம் வேறு விவாதம். ஆனால் வரி ஏறுவது முழு நகரத்தையும் பெட்டி பெட்டியாக வாங்குகிறவருக்குத்தான் பெருஞ்சுமை. மொரப்பூர்ப் பாதைக்கு வெளியிலிருந்து வர வேண்டியது ஒரே ஒரு சின்ன எஞ்சின் அடிப்பாகமும் சில மீட்டர் தண்டவாளமும். மேலுடலை எந்தக் கடையும் விற்காது, எனவே அதைக் கையால்தான் செய்தாக வேண்டும். அட்டை, சன்போர்டு, தெர்மக்கோல், பால்சா மரம், ஊதுபத்தித் தடி, சலித்த ஆற்றுமணல் இவை போதும். மண்ணின் நிறத்துக்குத் தருமபுரிச் செம்மண்ணையே சலித்துத் தூவலாம். எந்த ஜெர்மன் கம்பெனியும் அந்த நிறத்தைப் பொட்டலம் கட்டி விற்பதில்லை. கையில் காசு குறைந்தால் ரயில் ஓடாமல் நிற்கட்டுமே. அசையாத மாதிரிக்கும் அளவு உண்டு, உண்மை உண்டு.

தவிர, இப்படிச் செய்வது நமக்குப் புதிதுமல்ல. நவராத்திரியில் படிக்குப் பக்கத்தில் ‘பார்க்’ வைக்கிற வீடுகளைப் பாருங்கள். தட்டில் மணல் கொட்டி, கேழ்வரகு தெளித்து முளைக்கவிட்டு வயலாக்குவார்கள். உடைந்த கண்ணாடி குளமாகும். களிமண்ணைக் குவித்து முருகன் மலை, மலைக்குப் படி, அடிவாரத்தில் செட்டியார் கடை, ஓரமாகச் சாவி கொடுத்தால் ஓடும் ரயில். ஐரோப்பாவில் ஆண்கள் மாடியறையில் பூட்டிக்கொண்டு செய்ததை இங்கே பெண்களும் பிள்ளைகளும் கூடத்தில் செய்து, அக்கம்பக்கத்தை அழைத்துச் சுண்டலும் கொடுத்து, கண்காட்சியாகவே நடத்திவந்திருக்கிறார்கள். குறை ஒன்றுதான்: அளவு. செட்டியார் கோபுரத்தைவிட உயரமாக உட்கார்ந்திருப்பார், அவர் கடைத் தராசுக்குள் ரயில் புகுந்து போய்விடும். பக்திக்கு அது இடைஞ்சல் இல்லை. அந்தக் கைத்திறனோடு எண்பத்தேழால் வகுக்கும் பழக்கம் சேர்ந்தால் நமக்கென்று ஒரு மாதிரிக் கலை கிடைக்கும் என்பது மிகை இல்லை. கேழ்வரகு முளைத்த வயல் தருமபுரிக்கு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய காட்சியும் இல்லை.

எங்கே காட்டுவது? பெரம்பூரில் 2002-இலும் திருச்சியில் 2014-இலும் திறந்த ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் ரயில்வே அரங்கு கூட்டம் சேர்க்கும் இடம். ஆனால் மொரப்பூர் ரயிலைச் சென்னையில் காட்டினால் ‘அழகாயிருக்கிறது’ என்று சொல்லிவிட்டு அப்பளக் கடைக்குப் போய்விடுவார்கள். தருமபுரியில் காட்டினால்தான் ‘இது தப்பு’ என்று சொல்ல ஆள் வருவார். கிருஷ்ணகிரியின் மாங்கனிக் கண்காட்சி, ஒகேனக்கல்லின் ஆடிப்பெருக்கு விழா, தருமபுரியின் புத்தகத் திருவிழா என்று மக்கள் குடும்பத்தோடு வருகிற இடங்கள் இங்கேயே உண்டு. நேரோகேஜில் பயணம் செய்தவர்கள் இனி அரிது. 1941-க்கு முன் சிறுவராக இருந்தவருக்கே இன்று தொண்ணூறை ஒட்டிய வயது. ஆனால் அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். மீட்டர்கேஜில் பெங்களூர் போனவர்களோ ஏராளம். நேரோகேஜுக்கு ஆவணத்தையும் மீட்டர்கேஜுக்கு நினைவையும் நம்பலாம். மேசையோரம் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, ‘எங்கே தவறு?’ என்று தலைப்பு எழுதி வைத்தால் போதும். கண்காட்சி முடிகிறபோது அந்த நோட்டு மாதிரியைவிட மதிப்புள்ளதாக ஆகியிருக்கும். எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் 1935-இல் ஆர்வலர் சங்கம் உருவான காரணமே, ஒருவர் பெட்டி இன்னொருவர் பாதையில் ஓடாத குழப்பத்தைத் தீர்க்கத்தான். விளிம்பில் தண்டவாளம் எந்த உயரத்தில், எந்த இடத்தில் முடிய வேண்டும் என்று மட்டும் ஒப்பந்தம் செய்துகொண்டால், ஆளுக்கொரு பலகை செய்து கொண்டுவந்து கண்காட்சியில் கோத்துவிடலாம். மொரப்பூரில் ஒரு பள்ளி, தருமபுரியில் ஒரு கல்லூரி, வத்தல்மலையில் ஒரு பள்ளி என்று பிரித்துக்கொள்ள வசதியான ஏற்பாடு.

பணத்தைவிட எனக்கு உறுத்தலான ஆட்சேபம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்து ரயிலை அழகாகச் செய்து வைப்பது, அந்தக் காலத்தையே அழகாக்கிவிடாதா? ஆக்கிவிடும். மாதிரி என்ற வடிவத்திலேயே அந்தப் பொய் இருக்கிறது. சுருங்கிய பொருள் எல்லாமே இனிமையாகத் தெரியும். 87-இல் ஒரு பங்கு குடிசைக்கு நாற்றம் இல்லை, 19 மில்லிமீட்டர் கூலிக்காரனுக்கு வியர்வை இல்லை. பெண்டனின் கிராமத்திலும் எப்போதும் இளவெயில்தான் அடிக்கிறது. பஞ்சம் தீர்க்க வந்ததாகச் சொல்லும் ரயிலே தானியத்தை ஊரிலிருந்து விலையேறிய இடத்துக்கு இழுத்துப்போகவும் பயன்பட்டது என்ற வாதம் அந்தக் காலத்திலேயே எழுந்தது. பாதை ஒன்றுதான், மூட்டை எந்தத் திசையில் போனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதற்கு மாற்று, மாதிரியைச் செய்யாமல் விடுவதல்ல. விட்டுப்போனவற்றையும் அதே பலகையில் வைப்பது. மண் சுமக்கும் பெண்கள், கூடை, ஜல்லி உடைக்கும் சம்மட்டி, வறண்ட ஏரி இவற்றை வைக்காமல் எஞ்சினை மட்டும் பளபளப்பாக வைத்தால் அது பொம்மைதான். அப்போது முகம் சுளிக்கிறவர் பக்கமே நியாயம்.

கடைசியாக, மலைமேல் இருப்பவர்களின் கேள்வி. பால்சிலம்பு, பெரியூர், சின்னாங்காடு போன்ற வத்தல்மலைக் குக்கிராமங்களில் சாமையும் கேழ்வரகும் காப்பியும் மிளகும் விளைவிக்கிற மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தார்ச்சாலையே தாமதமாகத்தான் வந்தது, பேருந்து அதற்கும் பிறகு. ஆஸ்பத்திரி தூரம், மேல்படிப்பு தூரம். இவர்களுக்கு எதற்கு மேசை ரயில்? ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று யாரும் கேட்கவில்லை என்பது முதல் பதில். புத்தகத் திருவிழா நடந்ததால் எந்த ஊருக்கும் சாலை நின்றுபோனதில்லை. இரண்டாவது, தூரம் என்றால் என்ன, ஏற்றம் என்றால் என்ன என்பதை இந்த மேசை சொல்லித்தருகிற மாதிரி வேறு எதுவும் சொல்லாது. எச்.ஓ. மேசையில் ஒரு பாதைக்கு மேலே இன்னொரு பாதை கடந்துபோக எட்டு சென்டிமீட்டர் உயரம் வேண்டும். சின்ன எஞ்சின் வழுக்காமல் இழுக்கக்கூடிய சாய்வு முப்பத்துமூன்றுக்கு ஒன்று என்று கொண்டால், அந்த எட்டு சென்டிமீட்டரை எட்ட இரண்டரை மீட்டருக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். மேசை முடிந்துவிடும், ஏற்றம் முடியாது. இதே கணக்கை மலைக்குப் போட்டுப் பாருங்கள். சமவெளியிலிருந்து வத்தல்மலை 600 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், நாற்பதுக்கு ஒன்று என்ற சாய்வில் சாதாரண ரயில் 24 கிலோமீட்டர் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். நீலகிரி ரயில்போல நடுவில் பல்சட்டம் பதித்துப் பன்னிரண்டேகாலுக்கு ஒன்றாக ஏறினாலும் ஏழு கிலோமீட்டருக்கு மேல். அதிகச் செங்குத்தைத் தாங்கும் சாலைக்கே இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் தேவைப்பட்டிருக்கின்றன. இந்த மலைக்கு ஏன் ரயில் வரவில்லை, சாலை ஏன் அவ்வளவு தாமதம், ஒவ்வொரு வளைவுக்கும் எவ்வளவு செலவு என்பதை அந்த வளைவுகளிலேயே தினமும் போய்வருகிற பிள்ளைகள் மேசையில் ஒரு சின்ன எஞ்சின் திணறுவதைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள். சமவெளிப் பிள்ளைகளைவிட அவர்களுக்கே அது சீக்கிரம் பிடிபடும்.

எந்தக் காட்சியில் தொடங்கலாம் என்று கேட்டால், தருமபுரி நிலையத்தைவிட மொரப்பூரைச் சொல்வேன். சென்னையிலிருந்து சேலம் போகும் பிராட்கேஜ் பாதையும், தருமபுரியிலிருந்து வந்த நேரோகேஜும் அங்கேதான் அருகருகே நின்றன. ஒன்று 1,676, மற்றது 762. இதன் பெட்டி அதன் பாதையில் போகாது. எனவே வந்திறங்கிய சரக்கு முழுவதையும் மனிதர்கள்தாம் முதுகில் தூக்கி இங்கிருந்து அங்கே மாற்ற வேண்டும். மேசையில் அந்த இடத்துக்கு ஒன்றேகால் மீட்டர் பலகை போதும். ஒரு பக்கம் 19.26 மில்லிமீட்டர் அகலத்தில் கையால் பதித்த தண்டவாளம். அதற்குக் கடையில் சரக்கு கிடைக்காது. மறுபக்கம் ஒன்பது மில்லிமீட்டர். நடுவில் ஒரு மேடை. மேடைமேல் பதினோரு மில்லிமீட்டர் நீளத்தில் கேழ்வரகு மூட்டைகள், அவற்றைச் சுமக்கும் ஆட்கள். அவர்கள் முகம் எந்தப் பாதையை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்த பிறகுதான் பசை தடவ வேண்டும்.